104-இன் கதை: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரைக் கேட்பது?

108 என்றால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். சைரன், சுழலும் விளக்கு, வழிவிட்டு ஒதுங்கும் பஸ்கள். ஆனால் 104? "ஏதோ அரசாங்க நம்பர்தானே..." என்று இழுப்பவர்கள்தான் அதிகம். 108-க்குத் தம்பி என்று சொல்லத்தக்க எண் அது. அண்ணன் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறான். தம்பி ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசுகிறான். பேசுகிறவனுக்கு எப்போதுமே பேர் குறைவு!

அந்தத் தம்பி எங்கே பிறந்தான், எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தான், விருத்தாசலம் மாதிரி ஒரு ஊருக்கு அவனால் என்ன பயன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ராத்திரி

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஃப்யூஸ் கேரியர் செய்யும் பட்டறையில் தினக்கூலி. ராத்திரி பன்னிரண்டு மணி. மூன்று வயதுக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. இது விடியும்வரை பொறுக்கக்கூடிய காய்ச்சலா, இப்போதே தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய காய்ச்சலா?

அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒன்று சொல்கிறார், மாமியார் வேறொன்று சொல்கிறார். ஓடினால் ஆட்டோ காசு, மறுநாள் கூலி, தூக்கம் எல்லாம் போகும். ஓடாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த வீடுகள் எத்தனையோ.

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 1963-இல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மருத்துவச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கத்தரிக்காய் வாங்குகிறவருக்குக் கத்தரிக்காயைப் பற்றித் தெரியும். மருத்துவத்தை வாங்குகிறவருக்கோ தனக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாது, அதை விற்பவர்தான் சொல்லவேண்டும். மற்ற சந்தைகளைப் போல இது நடக்காது என்று அவர் வாதிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ராத்திரியில் அம்மாவுக்கு இல்லாதது மருந்து அல்ல, தகவல்.

முதலில் கட்டடம் வந்தது

நம் நாட்டுப் பொது மருத்துவத்தின் கதை கட்டடத்தில்தான் தொடங்குகிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென்று விரிவான சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1939-இல். பிறகு 1943-இல் போர் கமிட்டி அமைக்கப்பட்டது (போர் என்பது யுத்தம் இல்லை, தலைவர் ஜோசப் போரின் பெயர்!). 1946-இல் வந்த அதன் அறிக்கை, 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று உடனடி இலக்கு வைத்தது. நம்மூர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் ஒருவர். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழத் தொடங்கின.

தமிழ்நாடு இதில் முன்னே போனது. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப 1994-இல் தனியாக ஒரு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது. கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை வந்தது.

ஆனாலும் ஒரு தூரம் மிச்சம் இருந்தது. விருத்தாசலத்திலிருந்து மாவட்டத் தலைநகரான கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். பெரிய வியாதி என்றால் புதுச்சேரி ஜிப்மர் வரை போவார்கள். அத்தனை தூரம் போய், வரிசையில் நின்று, "ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். நிம்மதி ஒரு பக்கம், போன காசு ஒரு பக்கம்.

பிறகு கம்பி வந்தது

1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிரில் இருந்தவர் தீயணைப்புக்காரர்களை அழைக்க முயன்றும், எக்ஸ்சேஞ்சில் அவருடைய அழைப்பு வரிசையில் காத்திருந்தது. எழுந்த கோபத்தின் விளைவாக 1937-இல் 999 பிறந்தது. உலகின் முதல் அவசர எண் அதுதான் என்பார்கள். அமெரிக்காவின் 911-க்கு 1968 வரை ஆனது.

அவசரம் இல்லாத பேச்சுக்கும் போன் உதவும் என்பதைக் காட்டியவர் சாட் வாரா என்ற பாதிரியார். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் பேசுவதற்காக 1953-இல் லண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, காது மட்டும்தான். சென்னையில் அதே வேலைக்காக 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சினேகா அமைப்பை ஆரம்பித்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் விருத்தாசலத்தில் எத்தனை வீட்டில் போன் இருந்திருக்கும்? ட்ரங்க் கால் புக் செய்து காத்திருந்த காலம் போய், எஸ்.டி.டி. பூத் வந்து, பிறகு 1995-இல் இந்தியாவுக்குள் செல்போன் நுழைந்து, அது கூலிக்காரர் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் தொலைபேசி மருத்துவம் என்ற யோசனைக்கே இங்கு அர்த்தம் வந்தது.

லண்டனிலிருந்து ஹைதராபாத்

1998-இல் இங்கிலாந்து அரசு என்.எச்.எஸ். டைரக்ட் என்ற சேவையைத் தொடங்கியது. போனை எடுப்பவர் நர்ஸ். முன்னால் கம்ப்யூட்டர். மூச்சு வாங்குகிறதா, எத்தனை நாளாக, வாந்தி உண்டா என்று ஒவ்வொரு பதிலுக்கும் ஏற்ப அடுத்த கேள்வி வரும். கடைசியில் மூன்று வழி: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், நாளை டாக்டரிடம் போங்கள், இப்போதே ஆம்புலன்ஸ்.

இந்தியாவில் இந்த வழியில் முதலில் பெரிய அளவில் இறங்கியது அன்றைய ஆந்திரப் பிரதேசம். 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் சத்யம் ராமலிங்க ராஜு தொடங்கிய ஈ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் 108 ஆம்புலன்ஸைக் கொண்டுவந்தது. 2007-இல் எச்.எம்.ஆர்.ஐ. என்ற இன்னொரு அமைப்பு, 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை தர ஆரம்பித்தது. கிராமங்களுக்குக் குறித்த நாளில் மருந்து வண்டியும் அனுப்பியது.

2009 ஜனவரி 7-ஆம் தேதி, சத்யம் கணக்குகள் பொய் என்று ராஜுவே கடிதம் எழுதினார். வணிகவியல் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த கடிதம்தான். அந்தக் கடிதத்தோடு ஆம்புலன்ஸும் நின்றுபோகுமோ என்ற கவலை எழுந்தது. நிற்கவில்லை. அதே ஆண்டு ஜி.வி.கே. குழுமம் ஈ.எம்.ஆர்.ஐ.யை எடுத்துக்கொண்டது. நிறுவனம் ஆட்டம் கண்டாலும் அரசு பணமும் மக்கள் தேவையும் சேவையைத் தாங்கிப் பிடித்தன.

தமிழ்நாட்டுக்கு வந்த 104

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் நூற்றாண்டில் அவருடைய பிறந்த நாளன்று தொடங்கியது. 104 வர இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 2013 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல். நான்கு வேலைகள் அதற்கு: மருத்துவ ஆலோசனை, சுகாதாரத் தகவல், மனநல ஆலோசனை, அரசு மருத்துவமனைகள் மீதான புகார்.

நான்காவதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை, யாரோ காசு கேட்டார் என்றால், அதைச் சொல்லவும் அதே எண். ஆலோசனை கேட்பவர் நோயாளி, புகார் சொல்பவர் குடிமகன். இரண்டுக்கும் ஒரே கதவு!

வேடிக்கை என்னவென்றால், அதே 2013-இல்தான் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். டைரக்ட்டை மூடிவிட்டு 111 என்ற புது எண்ணுக்கு மாறும் வேலை நடந்து பெரும் குழப்பமானது. அழைத்தவர்கள் நெடுநேரம் காத்திருந்தார்கள். எண்ணை அறிவிப்பது சுலபம், எடுக்க ஆள் வைப்பதுதான் கஷ்டம் என்ற பாடத்தை உலகமே அப்போது பார்த்தது.

104-இன் பெரிய சோதனை 2020-இல் வந்தது. கொரோனா ஊரடங்கில் எல்லோருக்கும் சந்தேகம், எல்லோருக்கும் பயம். கடலூர் மாவட்டத்தில் மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் தொற்று எண்ணிக்கை திடீரென்று ஏறியது. வெளியே போகாதே என்று சொன்ன நாட்களில், கேட்பதற்கு மிஞ்சியது போன்தான்.

அடுத்த ஆண்டு இன்னொரு மாற்றம். 2021 செப்டம்பரில் நீட் எழுதிய மாணவர்களுக்காக, 104 மையத்திலிருந்தே அவர்களை அழைத்துப் பேச அரசு ஏற்பாடு செய்தது. அதுவரை மக்கள் அழைக்கும் எண்ணாக இருந்தது, மக்களை அழைக்கும் எண்ணாகவும் ஆனது. தேர்வு முடிவு வரும் ராத்திரி எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2022 அக்டோபரில் மனநலத்துக்கென்றே 14416 என்ற தனி எண்ணும் வந்துவிட்டது.

போனால் முடியாதது

போன் வயிற்றை அமுக்கிப் பார்க்காது, ஸ்டெதஸ்கோப் வைக்காது. மறுமுனையில் இருப்பவருக்கும் பயம் உண்டு. நோயாளியைப் பார்க்காமலே போனில் சிகிச்சை சொன்னதாக எழுந்த ஒரு வழக்கில், 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதன்பின் பல டாக்டர்கள் போனில் வாய் திறக்கவே தயங்கினார்கள். 2020 மார்ச் 25-இல் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்ட பிறகுதான், எதைப் போனில் சொல்லலாம், எந்த மருந்தைச் சொல்லக்கூடாது என்பது தெளிவானது.

இன்னொன்று. போனில் "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொன்னால், நாளைக்கு அங்கே டாக்டர் இருக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் இல்லாத ஊரில் ஆலோசனை எண் என்பது வெறும் ஆறுதல். கட்டடமும் கம்பியும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது.

மண்ணும் மூச்சும்

மறுபடியும் விருத்தாசலம். பழமலை, முதுகுன்றம் என்று பழைய பெயர்கள் கொண்ட ஊர். கோயிலுக்கு அடுத்து இந்த ஊருக்குப் பெயர் பீங்கானால்தான். தொழிற்பேட்டை, செராமிக் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனம், ஃப்யூஸ் கேரியரும் பொம்மையும் செய்யும் பட்டறைகள்.

பீங்கான் வேலையில் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் மாவாக அரைபடும். அந்தத் தூளில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இருக்கும். தடுப்பு இல்லாமல் வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும். சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து இல்லை, தடுக்கத்தான் முடியும். இருமல், இளைப்பு, எடை குறைவு எல்லாம் காசநோய் மாதிரியே இருப்பதால் மாற்றிக் கணிக்கப்படுவதும் உண்டு. போதாததற்கு, சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் இதை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அதே ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. ஆனால் நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் இவற்றின் கணக்குக்குள் வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவருக்கு இருமல் வந்தால், அது அவசரம் இல்லை. 108-ஐ யாரும் கூப்பிட மாட்டார்கள். "தூசிதானே, சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். அவசரமில்லாத கேள்வி என்றால் முக்கியமில்லாத கேள்வி என்று அர்த்தமா என்ன?

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். குயவர்களைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. நோயாளியிடம் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார் அவர்: நீ என்ன வேலை செய்கிறாய்?

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கேள்விதான் விருத்தாசலத்துக்கு இன்றைக்கும் தேவைப்படுவது. போனை எடுப்பவருக்கு அழைப்பவரின் கைகளில் ஒட்டியிருக்கும் வெள்ளை மண் தெரியாது. அவர் கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் அழைப்பவர்தான் முந்திக்கொண்டு சொல்லவேண்டும்: "ரெண்டு மாசமா இருமல் சார். பீங்கான் பட்டறையில பன்னெண்டு வருஷமா வேலை."

இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால்தான், இருமல் மருந்தோடு நிற்கவேண்டிய பேச்சு எக்ஸ்ரே வரை போகும்.