மூச்சுவேர்: எண்ணூரிலும் பிச்சாவரத்திலும்

வற்ற நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்தின் கரைச்சேற்றைப் பார்த்தால், யாரோ ஆயிரக்கணக்கான பென்சில்களைக் கூர்முனை மேலாக நட்டுவைத்த மாதிரி இருக்கும். அவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடக்கும் வேர், வானத்தைப் பார்த்து விடும் குழல்கள் அவை. அவற்றின் தோலெங்கும் பொடித் துளைகள். மரம் மூச்சு விடுவது அந்தத் துளைகள் வழியாக.

இதே மரம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்திலும் நிற்கிறது. இரண்டு இடங்களிலும் அலையாத்திக் காட்டைத் திரும்ப உண்டாக்கும் முயற்சி நடந்திருக்கிறது. பிச்சாவரத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. எண்ணூரில் கன்று நடும் விழாவின் படங்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. மரம் ஒன்றே என்றால், வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெண்கண்டல் உலக அளவில் அழியும் இனம் இல்லை. செங்கடல் முதல் ஆஸ்திரேலியா வரை பரந்து கிடக்கிறது. பிச்சாவரத்தில்தான் உண்மையில் அரிதான ஒன்று உண்டு. இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் அடையாளம் கண்டு, பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்கு வைத்தார். பிற்பாடு இலங்கையிலும் அதைக் கண்டார்கள். அதைப் போன்ற அரிய மரம் பிழைக்கவும், சாதாரண வெண்கண்டல் நிற்கும் சுற்றுக் காடு நன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சாதாரண மரத்தைப் பேசுகிறேன்.

உப்பைச் சமாளிப்பது வெண்கண்டலுக்குப் பரம்பரைத் தொழில். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். தப்பி உள்ளே வந்த மிச்சத்தை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளும். வெயில் ஏறியபின் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சுரபுன்னையின் வழி வேறு. அது ஏறக்குறைய முழுவதையும் வாசலிலேயே தடுத்துவிடும். முட்டுக்கொடுத்த மாதிரி தண்டிலிருந்து இறங்கும் வேர்களால் மூச்சு விடும். ஆனால் உப்பு மிக மிஞ்சிய மண்ணில் சுரபுன்னை முதலில் தோற்கும், வெண்கண்டல் கடைசி வரை நிற்கும்.

பிச்சாவரத்தில் அந்த வெண்கண்டலே தோற்ற இடங்கள் இருந்தன. ஆடுமாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தான் காரணம் என்று நெடுங்காலம் பேச்சு இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மண்ணைத் துருவிப் பார்த்தபோது பழி வேறு பக்கம் திரும்பியது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே காட்டைக் கூறு போட்டு, முறைவைத்து அடியோடு வெட்டியிருக்கிறார்கள். நிழல் போன சேற்றில் வெயில் நேரே விழுந்தது. ஈரம் சுண்டியது, மண் அமிழ்ந்து தாம்பாளம்போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பப் போக வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பளப் பாத்தியில் நடப்பதேதான். அந்த உப்பை எந்தச் சுரப்பியும் தள்ள முடியாது.

மருந்து எளிமையானது. மீன்முள் மாதிரி, நடுவில் ஒரு பெரிய கால்வாய், இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். ஏற்றமும் வற்றமும் மறுபடி போய்வந்தன. உப்பு கரைந்து இறங்கியது. கால்வாய்ச் சரிவில் கன்று நட்டார்கள். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து வைத்தால் பசுமை தெரியும். குறையும் உண்டு. நட்டதில் பெரும்பங்கு வெண்கண்டல் என்பதால், காடு வந்த அளவுக்குப் பல வகை மரங்கள் வரவில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரத்தைப் பார்க்க இன்றைக்கும் ஊரை விட்டு இந்தக் கழிக்குத்தான் வர வேண்டும்.

இனி வடக்கே, எண்ணூருக்கு. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்களைக் கேட்டால் உப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள். சாம்பலைப் பற்றித்தான் பேசுவார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைசல், கழியைக் கடந்து போகும் குழாய்களில் போகிறது. குழாய் வெடித்துக் கசிந்த நாள்கள் ஏராளம். ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர் என்பார்கள். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரலுக்குச் சேற்றின் மெத்தென்ற தன்மை போய், சிமெண்டு மாதிரி இறுகிய தரை தட்டுப்படுகிறது.

வண்டல் படிவது அலையாத்திக்குப் புதிதில்லை. மெதுவாகப் படிந்தால் மூச்சுவேர் கூடவே வளர்ந்து மேலே வந்துவிடும். குழாய் வெடித்து ஒரே மூச்சில் வந்து இறங்கும் சாம்பல் அந்த அவகாசத்தைத் தராது. சாணளவு உயரமுள்ள வேரை மூட சாணளவு சாம்பல் போதும்.

எண்ணெய் அதைவிடக் கெட்டிக்காரன். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, எர்ணாவூர்க் கரையில் வாளியால் எண்ணெய் அள்ளிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். அது பெரும்பாலும் கடலோரத்தோடு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெயோ பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள்ளேயே நுழைந்தது. வெள்ளம் வடிந்தபின் அலையாத்தித் தண்டுகளில் கருப்புக் கோடு நின்றது. கண்ணுக்குப் பட்டது கோடுதான். அதற்குக் கீழே ஒவ்வொரு பென்சில் வேரின் துளைகளிலும் பூச்சு. மூச்சு விட உதவிய திறந்த துளைகளே எண்ணெய்க்கு வாசலாகிவிட்டன. முட்டுவேரைத் தண்டின் மேல்வரை கொண்டிருக்கும் சுரபுன்னைக்குக் கோட்டுக்கு மேலேயும் சில துளைகள் மிஞ்சலாம். வெண்கண்டலுக்கு அந்த வசதி இல்லை.

எண்ணெய் பட்ட அலையாத்தி பிற்பாடு என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் இரண்டு விதம். பனாமாவில் 1986இல் எண்ணெய்த் தொட்டி உடைந்த கரையில், சேற்றுக்குள் புகுந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் ஓதத்தோடு கசிந்துகொண்டே இருந்ததைக் கண்டார்கள். மாறாக, 1991 வளைகுடாப் போரின் எண்ணெயில் நனைந்த சவூதிக் கரையில், இரண்டு ஆண்டுகள் கழித்து இதே வெண்கண்டல் விசித்திரமான வேலை செய்திருந்தது: மூச்சுவேர்கள் கிளைவிட்டிருந்தன, தண்டிலிருந்து புதுவேர்கள் இறங்கியிருந்தன. அடைபட்ட மூக்குக்குப் பதில் மரம் புது மூக்கு முளைக்க வைத்திருக்கிறது. எண்ணூரிலும் அது முயலக்கூடும். ஆனால் அங்கே எண்ணெய் ஒருமுறை வந்தது. இங்கே அதன்மேல் சாம்பலும், மின்நிலையம் விடும் சூட்டுநீரும் இருக்கின்றன.

2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தின் பொறுப்பைச் சுட்டி, கழியைச் சீர்செய்யச் சொன்னது. அந்தச் சீர்செய்தலை எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கில் முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் சந்தேகம். கன்று நட்ட புதிதில் பச்சையாகத்தான் இருக்கும். விதைக்குள்ளிருக்கும் கொழுத்த இலைகள் ஊட்டும்வரை அது தாய்ப்பால் பிள்ளை. பிச்சாவரத்தில் மண்வெட்டி முதலில் வந்தது, கன்று பிறகு வந்தது. எண்ணூரில் கணக்கெடுக்க வருகிறவர் வற்ற நேரத்தில் வந்து, குனிந்து, ஒரு முழச் சதுரத்தில் சேற்றுக்கு மேலே எத்தனை பென்சில் முனை தெரிகிறது என்று எண்ணிப் போகலாம்.