எம்டன் வந்த நவராத்திரியும் நம் கொலுப் படியும்



நவராத்திரி வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் கொலுப் படங்கள் வரிசைகட்டும். போட்டி என்று பெயர் இருந்தாலும் பரிசு ஒரு எவர்சில்வர் டப்பாதான். ஜெயித்தவரைவிடத் தோற்றவர்தான் அதிகம் பேசுவார். போன வருடம் தோற்றவர்களில் நானும் என் பேரனும் உண்டு. ஏன் தோற்றோம் என்று சொன்னால் உங்களுக்கும் உபயோகப்படும்.

பேரனுக்கு மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது பொழுதுபோக்கு. கட்டை விரல் உயரம்கூட வராத போர்வீரர்கள். மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கு ஆனவை. பூசி முடித்ததைப் படம் எடுத்து நண்பர்களுக்குள் அனுப்பி, மார்க் போட்டுக்கொள்வார்கள். "நம்ம கொலுவுக்கும் ஒரு பார்க் செய்யேன்டா" என்றேன். "என்ன தாத்தா செய்யட்டும்?" என்றான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் வேறு என்ன சொல்வேன்? எம்டன் என்றேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நவராத்திரி தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. முதல் உலகப் போர் ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு நம் கடற்கரைக்கு வந்தது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கட்டிடத்தின் உச்சியில் இருந்தது. எதிரிக்கு நாமே வழி காட்டிய மாதிரி ஆயிற்று.

அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உள்ளே நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். நாம் இன்றும் கிளைவ் பேட்டரி என்று சொல்லும் இடத்திலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்லை இன்றும் பார்க்கலாம். அடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள்.

என் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. பொம்மைகளைப் படியிலேயே விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாட்டு வண்டியில் பொன்னேரிக்குப் போனார்களாம். "விஜயதசமிக்குப் பொம்மையைப் படுக்க வைக்க வீட்டில் ஆள் இல்லையே என்று வழியெல்லாம் அழுதேன்" என்பார்.

பேரன் இரண்டு மாதம் உழைத்தான். 1200-இல் ஒரு பங்கு அளவில் கப்பல். எம்டனின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர், ஆகவே பொம்மைக் கப்பல் பத்து சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. போருக்கு முன் வெள்ளை நிறத்தில் 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வாங்கிய கப்பல் அது. போர்க்காலத்துக்குச் சாம்பல் நிறம். மூன்று புகைபோக்கிகள். பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போடுவதும் உண்டு. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் அப்படித்தான் நுழைந்தது. சென்னைக் காட்சிக்கு மூன்றா நான்கா என்று நாங்கள் இருவரும் ஒரு வாரம் வாதாடினோம். தொட்டிகளில் நெருப்புக்குப் பஞ்சும் சின்ன எல்.இ.டி. பல்பும்.

படம் குழுவில் போனது. பாராட்டு குவிந்தது. கொலு பார்க்க வந்த நம் பக்கத்து பிளாக் பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "கப்பல சூப்பரா பண்ணிருக்கான் சார் பையன். ஆனா ஹார்பர்ல ஒரு ஆளக்கூடக் காணுமே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. யோசனை சொன்னவனே நான்தானே. முப்பத்தைந்து வருடம் வங்கியில் பேரேடு எழுதியவன். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கு சரி என்றால் மேனேஜர் வீட்டுக்கு விடுவாரா? எம்டன் கதையை நாம் அப்படித்தான் சொல்லிவருகிறோம். தந்திரசாலியைப் பார்த்தால் "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். தாக்கியவன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. துறைமுகத்தில் செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நம் வாயில் வருவதில்லை.

பிறகு இந்தப் போர்ப் பொம்மைகளின் வரலாற்றைப் படித்தேன். இந்தக் கோளாறு எங்கள் பார்க்கில் மட்டும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது என்று தெரிந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு படையைக் கட்டத்தில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகளை நகர்த்தி அதிகாரிகளைப் பழக்கும் போர் விளையாட்டை வெளியிட்டார். ஒரு கட்டை என்றால் ஒரு படைப்பிரிவு. 1898-இல் பிரிட்டனின் ஃப்ரெட் ஜேன் இதையே சின்னக் கப்பல்களை வைத்துக் கடற்போருக்குக் கொண்டுவந்தார். எல்லாமே மேலிருந்து பார்ப்பவை. மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது.

எங்கள் கப்பலின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1200-இல் ஒரு பங்கு என்றால் ஒரு மனிதனின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கடுகுக்கு யார் கண், மூக்கு வரைவது? அந்த அளவைத் தேர்ந்தெடுத்தபோதே ஆள்களை விட்டுவிட்டோம்.

ஆள் முகம் வந்தது பொம்மைக்காரர்களால். 1893-இல் பிரிட்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி உள்ளே கூடாக வார்த்த ஈயச் சிப்பாய்களைக் கொண்டுவந்து விலையைக் குறைத்தது. ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம். இந்தியக் குதிரைப்படை வீரர்களும் அந்தப் பெட்டிகளில் உண்டு. அந்தப் பொம்மைகளை வைத்து ஆடத்தான் எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதினார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தாலே உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்று புரியும் என்பது அவர் வாதம். மறு வருடமே உண்மைப் போர் வந்தது. அதன் ஒரு துண்டு நம் ராயபுரத்துக்கும் வந்தது.

நமக்கு இது புதிதல்ல. புரசைவாக்கம் பக்கத்துக் கொசப்பேட்டையில் பாருங்கள். அச்சில் களிமண்ணை அழுத்தி, காயவைத்து, சுட்டு, வெள்ளை அடித்து, பிறகு நிறம் பூசி, கடைசியில்தான் கண் வரைவார்கள். பேரனும் அதே வரிசைதான்: முதலில் பிரைமர், பிறகு அடி நிறம், மடிப்புகளில் நீர்த்த கறுப்பு, மேடுகளில் வெளிர் நிறம், முடிவில் கண். கண் வந்ததும் அது வெறும் பொம்மை இல்லை, ஆள்.

இந்த வருடம் மாற்றிச் செய்கிறோம். ஆள்களை 72-இல் ஒரு பங்கு அளவில் செய்தால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், முகம் வரையலாம். அதே அளவில் கப்பல் செய்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டி, கொலுப் படிக்கே அடங்காது. ஆகவே பழைய சின்னக் கப்பல் பின்னால், தூரத்தில். துறைமுகத்து ஆள்கள் முன்னால், பெரியதாக. மூட்டை சுமப்பவர், காவலாளி, வணிகக் கப்பலின் சிப்பந்திகள். கொலுவில் சின்ன வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய செட்டியாரை உட்கார வைக்கும் நமக்கு இந்த அளவு வித்தியாசம் ஒரு பொருட்டா?

படம் எடுப்பதற்கும் பேரன் சொன்னதைக் கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், காலை வெயில் நேராக விழாத பால்கனி வெளிச்சம் போதும். பின்னால் ஒரு சார்ட் பேப்பர். மிக அருகில் போனால் போன் கேமரா தெளிவாகப் பிடிக்காது. ஒரு முழம் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். முக்கியமானது, நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காதீர்கள். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். கப்பலை அவர்கள் பார்த்த மாதிரி நீங்களும் பார்ப்பீர்கள்.

எம்டனையும் குறை சொல்லிப் பயனில்லை. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அவர்களுக்கும் முகம் இருந்தது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. வரும் நவராத்திரியில் வீட்டிலேயே வண்ணம் பூசிய பொம்மைகளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். கடையில் வாங்கிய பொம்மை என்றால் எந்த ஊரில், யார் செய்தது என்று படத்தின் கீழ் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பரிசு அதே எவர்சில்வர் டப்பா போதும்.

விஜயதசமி இரவு துறைமுகத்து ஆள்களில் ஐந்து பேரைப் பேரன் படுக்க வைப்பான். பாட்டி விட்டுப்போன வேலை அது. முடிந்தவர்கள் வாருங்கள், சுண்டல் உண்டு.