லாங் பிங்

லாங் பிங் (பிறப்பு: 10 டிசம்பர் 1960, தியான்ஜின்) சீனப் பெண்கள் வாலிபால் அணியின் முன்னாள் வீராங்கனை, பின்னாளில் அதன் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தவர். வீராங்கனையாக 1984இலும் பயிற்சியாளராக 2016இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வாலிபாலில் இந்த இரண்டையும் சாதித்த முதலாமவர் இவரே.

பெய்ஜிங்கில் வளர்ந்த இவருடைய உயரம் 1.84 மீட்டர். 1978இல் தேசிய அணியில் சேர்ந்தார். எம்பி அடிக்கும் ஸ்மாஷின் வேகம் இவருக்கு ‘இரும்புச் சுத்தியல்’ என்ற பட்டப்பெயரைத் தேடித் தந்தது. சுத்தியலுக்கான சீனச் சொல்லும் ‘லாங்’ என்ற ஒலியில்தான் தொடங்குகிறது. அதனால் பெயரும் பட்டமும் ஒட்டிக்கொண்டன.

1981 நவம்பரில் ஜப்பானில் நடந்த உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் சீனா ஜப்பானைச் சந்தித்தது. முதல் இரண்டு செட்களை வென்றதுமே கோப்பை சீனாவுக்கு உறுதியாகிவிட்டது. அந்த நிம்மதியில் ஆட்டம் தளர, அடுத்த இரண்டு செட்களையும் ஜப்பான் பறித்தது. கோப்பை கையில் இருந்தும் தோல்வியோடு அதை வாங்கக் கூடாது என்று பயிற்சியாளர் யுவான் வெய்மின் கடுமையாகக் கண்டித்தார். ஐந்தாவது செட் 17-15 என்று சீனாவின் பக்கம் முடிந்தது. கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால் மூன்றிலும் சேர்த்துச் சீனா வென்ற முதல் உலகப் பட்டம் அதுதான்.

1982இல் பெருவில் உலக சாம்பியன்ஷிப் பட்டமும் வந்தது. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்ற சீன அணி, இறுதிப் போட்டியில் அதே அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1985 உலகக் கோப்பைக்குப் பின் லாங் பிங் விடைபெற்றார். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவரை 1990 உலக சாம்பியன்ஷிப்புக்காக நாடு திரும்ப அழைத்தது. பெய்ஜிங்கில் மீண்டும் களமிறங்கி வெள்ளி வென்றார்.

1995இல் சீன அணியின் பொறுப்பை ஏற்று, அடுத்த ஆண்டே அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றுத் தந்தார். பிறகு இத்தாலி கிளப்புகளுக்குப் பயிற்சியளித்தார். 2005இல் அமெரிக்க அணியின் பயிற்சியாளரானார்.

2008 ஆகஸ்ட் 15 இவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான இரவாக இருந்திருக்க வேண்டும். பெய்ஜிங் ஒலிம்பிக்கில், சொந்த ஊர் மக்கள் நிறைந்த அரங்கில், அமெரிக்காவின் பயிற்சியாளராகச் சீனாவுக்கு எதிரே நின்றார். சீனாவின் பயிற்சியாளர் சென் ஜோங்ஹே, ஒரு காலத்தில் பயிற்சிக் களத்தில் இவர் பழகத் துணையாக ஆடியவர். அமெரிக்கா 3-2 என்று வென்றது. கடைசியில் வெள்ளியும் பெற்றது.

2013இல் மீண்டும் சீன அணிக்கு வந்த லாங் பிங், இளம் வீராங்கனைகளுக்குத் துணிந்து வாய்ப்பளித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்த அணி முதல் சுற்றில் மூன்று ஆட்டங்களில் தோற்று, பிரிவில் நான்காவதாகத்தான் தேறியது. காலிறுதியில் பிரேசிலை அதன் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்தது. அரையிறுதியில் நெதர்லாந்து, இறுதியில் செர்பியா. முதல் சுற்றில் சீனாவை வென்ற அணிகள்தான் இரண்டும். இரண்டையும் 3-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது.

2019 உலகக் கோப்பையில் 11 ஆட்டங்களையும் வென்ற சீனா, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றுக் காலிறுதிக்குத் தேறவில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களில் இத்தாலியையும் அர்ஜென்டினாவையும் ஒரு செட் கூட விடாமல் வென்றது. அத்துடன் லாங் பிங் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார்.