தப்பு, தகரம், துண்டு: மாத்தளைத் தோட்டங்களில் தகவலின் வரலாறு

தகவல் என்பது மூன்று வகையில் பயன்படுகிறது: நடந்ததை அல்லது நடக்கவிருப்பதை அறிவிக்கும் குறி, ஒருவரைப் பற்றி எழுதிவைக்கும் பதிவு, உரிமையை நிறுவும் சான்று. இலங்கையின் மாத்தளை மாவட்டத் தோட்டத் தமிழர் வரலாற்றில் மூன்றையும் காணலாம்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்காக மன்னாரில் வந்து இறங்கியவர்கள் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்தே வந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். தோட்டங்களில் அவர்களுக்கு முதல் தகவல் தப்பு என்னும் பறையின் ஒலியாக வந்தது. விடியற்காலையில் ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கு அழைத்ததும், திருவிழாவையும் இறப்பையும் அறிவித்ததும் தப்புதான். சந்தர்ப்பத்துக்கேற்ப அடி மாறும். கேட்பவருக்குச் செய்தி புரிந்துவிடும். இதற்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை.

பதிவுகள் நிர்வாகத்தின் கையில் இருந்தன. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயரும் வேலைநாளும் ஏறின. 1901இல் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்தைத் தொழிலாளர் கழுத்தில் அணிந்து வந்தனர். அதைப் பார்த்தே ஒருவர் எந்தத் தோட்டத்துக்குரியவர், பயணச் செலவு யார் கணக்கு என்பது முடிவானது.

இவற்றிலெல்லாம் கொடியது துண்டு. குறித்த கடனை அடைத்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகியான துரை எழுதித் தந்த சீட்டு அது. தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த கங்காணி அதைக் கொண்டு வேறு தோட்டத்தில் கூடுதல் முன்பணம் பெற்றார். கடன் தொழிலாளர் தலையிலேயே வளர்ந்தது. தங்கள் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலோரால் வாசிக்க முடியவில்லை. அறியாமையே அவர்களைக் கட்டிப்போட்ட கயிறாயிற்று. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகவலைச் சான்றாகக் கேட்டது. இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத தலைமுறையின் பிள்ளைகளுக்கு அது முடியாத காரியம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வாறு நாடற்றவரானவர்களை 9,75,000 பேர் எனக் கணக்கிட்டது. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, பிரஜை எவரும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். பிறர் வைத்திருந்த தகவலால் ஆளப்பட்ட சமூகத்துக்கு இந்த உரிமை மிகப் பெரிது. லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டுக் காணி உறுதி முதல் பிறப்புப் பதிவு வரை, அது தயங்காமல் பயன்படுத்தப்பட வேண்டும்.