முட்டைக் கோழி இனத் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டு வளவிலே முட்டைக்காகச் சில கோழிகளை வளர்க்க விரும்புவோர் முதலில் எழுப்பும் வினா, எந்த இனத்தைத் தெரிந்தெடுப்பது என்பதாகும். கோழி வளர்ப்புக் கைந்நூல்கள் இதற்கு ஓர் அட்டவணையால் விடையளிப்பது வழக்கம். இனத்தின் பெயர், ஆண்டொன்றுக்கு இடும் முட்டைகளின் தொகை, முட்டையின் நிறம், உடல் நிறை என்பன அதில் நிரல்படுத்தப்பட்டிருக்கும். இயற்கை தந்த குணங்கள் போல அங்கே தோற்றமளிப்பவை வரலாற்றின் விளைவுகளே. குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளின் கீழ், குறிப்பிட்ட தேவைகளுக்காக மனிதர் உருவாக்கியவை. கோழியின் பெருக்கம் அதனை வளர்ப்போரின் கையிலிருந்து எவ்வாறு நழுவியது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இனத் தெரிவு பற்றிப் பயனுறப் பேச இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

வீட்டுக் கோழிகள் யாவும் செங்காட்டுக்கோழியிலிருந்து தோன்றியவை என 1868ஆம் ஆண்டிலே டார்வின் வாதிட்டார். பிற்கால ஆய்வுகள் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தன. எனினும், மஞ்சட் கால்களுக்குக் காரணமான மரபணு தென்னிந்தியாவைத் தாயகமாகக் கொண்ட சாம்பற் காட்டுக்கோழியிலிருந்து வந்ததென 2008இலே காட்டப்பட்டது. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்திலே கிடைத்த எலும்புகளை, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட, மிகப் பழைய வீட்டுக் கோழிச் சான்றுகளாக 2022இல் வெளிவந்த ஆய்வொன்று இனங்கண்டது. புன்செய் நெல்லும் சிறுதானியமும் பயிரிடப்பட்டமையே இப்பறவையை மனிதக் குடியிருப்புக்கு ஈர்த்தது என்பது அவ்வாய்வின் முடிபாகும். தானிய மிகையோடு தொடங்கிய உறவு இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வுறவின் தன்மையைப் பழந்தமிழ் இலக்கியமும் புலப்படுத்துகின்றது. குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடியவர், குப்பை மேட்டிலே தாமாகவே பொருதி நிற்கும் கோழிகளை உவமையாக்கியமையால் குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். பட்டினப்பாலையிலே, முற்றத்தில் உலரும் உணவைக் கவர வரும் கோழிமீது பெண்கள் காதணியைக் கழற்றி எறிகின்றனர். உரைகாரரும் பின்வந்த ஆய்வாளரும் இக்காட்சியிலே காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பையே கண்டனர். அது பொருந்தும். ஆயின் பொருளியல் நோக்கிலே வேறொன்றும் இங்கு பெறப்படும். குப்பையும் முற்றத்துத் தானியமுமே கோழியின் இரை. அதற்கெனத் தனியே உணவு வாங்கப்படவில்லை. வீட்டின் கழிவை உணவாக மாற்றித் தருவதே அதன் பணி.

ஊர்க்கோழி இன்றும் இவ்வமைப்புக்கு ஏற்ற பறவையே. பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இட்டபின் அது அடைகிடக்கும். இருபத்தொரு நாட்களில் குஞ்சு பொரித்து, பின் சில வாரங்கள் குஞ்சுகளோடு திரியும். அக்காலம் முழுவதும் முட்டை இல்லை. ஆண்டிலே மூன்று நான்கு முறை இச்சுற்று நிகழ்வதால் மொத்த முட்டைகள் ஐம்பது அறுபதைப் பெரிதும் தாண்டுவதில்லை. நவீன கைந்நூல்கள் அடைகிடத்தலை ஒரு குறைபாடாகக் கணிக்கின்றன. வீட்டுப் பொருளாதாரத்திலோ அது உற்பத்திச் சாதனம் தன்னைத் தானே மீளுற்பத்தி செய்துகொள்ளும் வழியாகும். வளர்ப்பவர் குஞ்சுக்காக எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இனங்களைத் திட்டமிட்டு உருவாக்கும் பெருமுயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேலைநாடுகளில் எழுந்தது. அபினி யுத்தத்தின் முடிவிலே, 1842இன் நான்கிங் உடன்படிக்கை சீனத் துறைமுகங்களைப் பிரித்தானிய வணிகத்துக்குத் திறந்துவிட்டது. அவ்வழியே வந்த பெரிய சீனக் கோழிகள் விக்டோரியா மகாராணியின் பறவைக் கூடத்திலும் இடம்பெற்றன. 1849இலே பொஸ்டன் நகரில் நிகழ்ந்த கோழிக் கண்காட்சியைத் தொடர்ந்து அமெரிக்காவிலும் மோகம் பரவியது. அவ்வணிகத்தில் ஈடுபட்டவருள் ஒருவராகிய பேர்னம், 1855இலே அம்மோகத்தின் வரலாற்றை அங்கதமாக எழுதி நூலாக்கினார். பிரித்தானியாவில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் இனங்களின் தராதர நூல்கள் வெளியாயின. அவை பெரிதும் வரையறுத்தவை இறகின் நிறம், கொண்டையின் வடிவம் முதலான புறத்தோற்றங்களையே. முட்டையின் பயன்பெறுமதி பின்தள்ளப்பட்டு, பறவையின் தோற்றமே விலையைத் தீர்மானித்த காலம் அது.

நகரங்கள் பெருகி முட்டைக்கான சந்தை விரிவடைந்தபோது நிலைமை மாறியது. இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தின் பெயரால் வழங்கும் லெகோன், குறைந்த உடல் நிறையும் மிகுந்த முட்டையும் கொண்டதாக முன்னிலைக்கு வந்தது. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் பகுதிக் குடியானவர், கப்பலில் வந்த ஆசியச் சேவல்களைத் தம் கோழிகளோடு கலந்து உருவாக்கிய செந்நிற இனம் 1904இலே தராதர நூலில் ஏற்கப்பட்டது. அதற்கு அடம்ஸ்வில் என்னும் ஊரிலே 1925இல் நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. இங்கிலாந்தின் கரிய ஓர்பிங்டன் இனத்தை ஒஸ்திரேலியர் முட்டைக்காகத் தெரிந்து வளர்த்தமையால் ஒஸ்ட்ரலோப் தோன்றியது. 1922-23இலே அவ்வினத்தின் ஆறு பேடுகள் 365 நாட்களில் 1857 முட்டைகளை இட்டன.

இத்தகைய சாதனைகளுக்குப் பொறிக்கூடு துணைநின்றது. முட்டையிட நுழைந்த பேட்டின் பின்னே கதவு தானாக மூடிக்கொள்ளும். பணியாளர் அதன் கால் இலக்கத்தைப் பதிவு செய்த பின்னரே அதனை விடுவிப்பார். ஆலைத் தொழிலாளியின் வரவுப் பதிவேட்டைப் போலவே, ஒவ்வொரு பேட்டின் உற்பத்தியும் இவ்வாறு தனித்தனியே கணக்கிடப்பட்டது. ஆயினும் இவ்வினங்கள் தம்மை ஒத்த குஞ்சுகளையே ஈன்றன. ஒரு சேவலும் சில பேடுகளும் உள்ள குடியானவர் அவ்வினத்தைத் தாமே பேணிப் பெருக்கிக்கொள்ள முடிந்தது.

அடுத்த கட்டமே தீர்க்கமானது. மூலதனத்தின் இரண்டாம் தொகுதியிலே (1885), பேக்வெல் என்னும் ஆங்கிலேயப் பண்ணையாளர் செம்மறியாட்டின் எலும்பு வளர்ச்சியைக் குறைத்து, அதனை விரைவிலே சந்தைக்குத் தயாராக்கியமையை மார்க்ஸ் சுட்டிக்காட்டுகின்றார். முதல் திரும்பிவரும் காலம் விலங்கின் உடலிலேயே சுருக்கப்படுகின்றது. கோழியிலே அதற்கு இணையானது அடைகிடக்கும் இயல்பின் நீக்கமாகும். அடைகிடக்காத பேடு இடையறாது முட்டையிடும். ஆனால் தன் சந்ததியைத் தானே தோற்றுவிக்காது. அப்பணி பொரிப்பகத்துக்குச் சென்றது.

1936இலே, கலப்பினச் சோள விதை வணிகத்தின் முன்னோடியும் பின்னர் அமெரிக்க உப சனாதிபதியுமான ஹென்றி வலஸ், அதே முறையைக் கோழிக்குப் பிரயோகித்து ஹை-லைன் நிறுவனத்தை ஆரம்பித்தார். வேறுபட்ட தூய வழிகளைக் கலந்து பெறும் கோழி சிறப்பாக முட்டையிடும். அதன் குஞ்சுகளிலோ அக்குணங்கள் சிதறிப்போகும். ஆகவே வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்கியே தீரவேண்டும். மூல வழிகள் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும். ஹை-லைன், லோமன் ஆகிய இரண்டும் இன்று ஒரே ஜெர்மன் குழுமத்துக்கும், ஷேவர், ஐ.எஸ்.ஏ., டீகால்ப் முதலியன ஒல்லாந்து நாட்டு ஹென்ட்ரிக்ஸ் நிறுவனத்துக்கும் உரியவை. பெயர்கள் பல; உடைமையாளர் மிகச் சிலர். இக்கோழிகளின் ஆண் குஞ்சுகள் முட்டைக்கும் உதவா, இறைச்சிக்கும் இலாபம் தாரா என்பதனாற் பிறந்த நாளிலேயே கொல்லப்படுதல் வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022இலே இதனைத் தடைசெய்தது.

கலப்பினக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டைகள் இடும் என்பது உண்மையே. ஆயின் அத்தொகை பறவைக்கு மட்டும் உரியதன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம், அதாவது ஆண்டுக்கு 40 கிலோகிராம் அளவிலான சமச்சீர்த் தீவனம் அதற்கு வேண்டும். முட்டை ஒவ்வொன்றின் ஓட்டுக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் தேவை. வீட்டுக் கழிவும் முற்றத்துப் புழுவும் இதனை ஈடுசெய்யமாட்டா. அட்டவணையிலுள்ள எண்ணை வாங்குபவர் அதனோடு தீவனச் சந்தையையும் பொரிப்பகத்தையும் சேர்த்தே வாங்குகின்றார். இலங்கையிலே 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி இதனை வெளிப்படையாக்கிற்று. இறக்குமதியில் தங்கியிருந்த தீவனமும் தாய்க் கோழிகளும் தட்டுப்பட்டபோது பண்ணைகள் மூடப்பட்டன. முட்டை விலை ஏறிற்று. 2023இலே இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

இதனால் ஊர்க்கோழியைப் பழம்பெருமையோடு போற்றுதல் முற்போக்கான நிலைப்பாடு ஆகிவிடாது. இராணிக்கெட் நோயும் பருந்தும் கீரியும் அதன் குஞ்சுகளுட் பலவற்றை அழிக்கின்றன; அறுபது முட்டைகள் ஒரு குடும்பத்தின் புரதத் தேவைக்குப் போதா. விஞ்ஞானம் தேவையே. அது யாருடைய கையில் இருக்கின்றது என்பதே கேள்வி. இந்தியாவிலே அரச ஆய்வு நிலையங்கள் வளவு வளர்ப்புக்கென வனராஜா, கிராமப்பிரியா முதலிய கோழிகளை உருவாக்கின. இது வேறொரு பாதை உண்டென்பதைக் காட்டுகின்றது. எனினும் குஞ்சுகளுக்காக மீண்டும் நிலையத்தையே நாட வேண்டியிருக்கும்வரை அப்பாதை முற்றுப்பெற்றதாகாது.

ஆகவே இனத் தெரிவுக்கு முன் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும்: இரை எங்கிருந்து வரும்? நோய்த்தடுப்பு எட்டுமா? அடுத்த தலைமுறைக் குஞ்சு யாரிடமிருந்து வரும்? தீவனக் கடையும் நிலையான முட்டைச் சந்தையும் அருகிலே உள்ளவருக்குக் கலப்பினம் இலாபம் தரலாம். வளவின் இரையையே பெரிதும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, றோட் ஐலண்ட் றெட், ஒஸ்ட்ரலோப் போன்ற, தன்னை ஒத்த குஞ்சை ஈனும் இனமொன்றின் சேவலும் சில பேடுகளும் பொருத்தமானவை. அவற்றுடன் அடைவைப்பதற்கு இரண்டொரு ஊர்க்கோழிகளும் இருத்தல் நன்று. முட்டைத் தொகை குறையும். சந்ததி வீட்டிலேயே நிற்கும். பெரும்பாலும் பெண்களின் கூலியற்ற உழைப்பிலேயே நடைபெறும் இவ்வளர்ப்பிலே, முட்டை விற்ற சிறு பணம் பல வேளைகளில் அவர்கள் தம் விருப்பப்படி செலவிடக்கூடிய ஒரே வருவாயாக இருப்பதுண்டு. அப்பணம் தீவனக் கடைக்கும் குஞ்சு வியாபாரிக்கும் திரும்பிச் செல்லுமா, அன்றி அவர்கள் கையிலேயே தங்குமா என்பதை, வேறெதனையும்விட, இனத் தெரிவே தீர்மானிக்கின்றது.