விதைத்தவர் காணாத விளைச்சல்

பங்கு இல்லத்தின் பின்புறத்தில் நான்கு பாத்திகள் கட்டி வெண்டையும் கத்தரியும் பயிரிட்டுப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். ஒரு பருவத்தில் அக்கம் பக்கத்தாருக்கெல்லாம் கொடுத்த பின்னும் கூடையில் காய் மிஞ்சும். அடுத்த பருவத்திலும் மண் அதேதான், எருவும் அதேதான், கிணற்று நீரும் அதேதான். ஆயினும் வெண்டையின் இலை நரம்பெல்லாம் மஞ்சளோடிப் போகும். கத்தரிக்காயை அரிந்தால் உள்ளே புழு நெளியும். சந்தையில் காய் வாங்குவோர் விலையை அறிவர். தோட்டம் போடுவோரே அதன் அருமையை அறிவர். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் திருச்சபையின் துறவியர் பல நூற்றாண்டுகளாகத் தம் கைகளால் அறிந்து வந்துள்ளனர். அவர்களுடைய தோட்டங்களுள் சிலவற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

அதற்கு முன் விவிலியம் காட்டும் ஒரு தோட்ட ஆசையை நினைவுகூர்வது நல்லது. அரசன் ஆகாபு தன் அரண்மனையை அடுத்திருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக? காய்கறித் தோட்டம் போடுவதற்காக என்கிறது அரசர் முதல் நூலின் 21ஆம் அதிகாரம். மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர நாபோத்து மறுத்தார். அரசி ஈசபேல் பொய்ச்சாட்சிகளை எழுப்பி அவரைக் கல்லால் எறிந்து கொல்லச் செய்தாள். இத்தனைக்கும் பிறகு அந்நிலத்தில் ஆகாபு ஒரு பாத்திக் கீரையாவது கண்டானா? விவிலியம் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆணையிட்டு நிலத்தைப் பறித்துக்கொள்ளலாம்; ஆணையிட்டு ஒரு விதையை முளைக்கச் செய்ய இயலாது.

மண்வெட்டியும் திருக்கலமும்

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த துறவற ஒழுங்கு, இந்த மனப்பான்மைக்கு நேர் மாறானது. நீர், மாவு ஆலை, தோட்டம் ஆகியவை மடத்தின் மதிலுக்குள்ளேயே அமைய வேண்டும் என்று 66ஆம் அதிகாரம் கூறுகிறது. துறவியர் தேவையின்றி வெளியே அலையாதிருக்க இந்த ஏற்பாடு. உணவு பற்றிய 39ஆம் அதிகாரம் இரண்டு வகைச் சமைத்த கறியே போதும் என்கிறது. பழமோ இளங்காய்களோ கிடைத்தால் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிடைத்தால் என்னும் அந்தச் சொல்லில், தோட்டம் எப்போதும் ஒரே சீராய் விளையாது என்னும் பட்டறிவு அடங்கியுள்ளது. மடத்தின் கருவிகள் அனைத்தையும் பீடத்தின் புனிதக் கலங்களைப் போலக் கருத வேண்டும் என்று 31ஆம் அதிகாரம் பணிக்கிறது. திருப்பலிக் கிண்ணத்தைத் துடைத்து வைக்கும் நாம், சேறு படிந்த மண்வெட்டியை அப்படியே மூலையில் எறிந்துவிடுகிறோம் அல்லவா?

மாறுகண் துறவியின் பாத்திகள்

ஒன்பதாம் நூற்றாண்டில் ரைக்கனவு தீவு மடத்தில் வாழ்ந்தவர் வாலாஃபிரிட். மாறுகண் உடையவராதலால் ஸ்டிராபோ என்னும் அடைமொழி பெற்றார். 838இல் அம்மடத்தின் தலைவரானார். தம் சிறு தோட்டத்தைப் பற்றி அவர் இலத்தீனில் ஒரு பாடல் நூல் இயற்றினார். அதில் மலர்களின் அழகுக்கு முன்பாகவே மண்ணின் தொல்லைகள் வருகின்றன. இளவேனில் வந்தபோது அவருடைய முற்றம் முழுவதும் காஞ்சொறிச் செடி மண்டிக் கிடந்தது. பின்னிக் கிடந்த வேர்களையும் அகழெலி தோண்டிய வளைகளையும் கிளறி எடுக்க வேண்டியிருந்தது. பாத்தி சரியாதபடி பலகை அடைத்து, எருவிட்டு விதைத்தார். மழை பொய்த்த நாள்களில் குடத்தில் நீர் சுமந்து, வேகமாய் ஊற்றினால் விதை புரண்டுவிடும் என்று அஞ்சி, உள்ளங்கையால் துளித் துளியாய்த் தெளித்தார். ஒருபுறம் கூரை மழையை மறைத்தது. மறுபுறம் சுவர் வெயிலைத் தடுத்தது.

சுரைக்கொடி பற்றியேறி மேலெழுவதையும், பிஞ்சைச் சமைத்து உண்பதையும், முற்றியதைக் குடுக்கையாக்குவதையும் அவர் பாடியிருப்பதைக் காணும்போது நம் ஊர்க் கூரை மேல் படரும் சுரைக்கொடியே நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் முதுமை வரை அத்தோட்டத்தில் இருக்கவில்லை. 849இல், ஏறத்தாழ நாற்பது வயதில், லுவார் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார்.

அதே ரைக்கனவில் வரையப்பட்டதுதான் புனித கால் மடத்தின் புகழ்பெற்ற வரைபடம். அதில் காய்கறித் தோட்டத்திற்குப் பதினெட்டுப் பாத்திகள். வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, முள்ளங்கி, முட்டைக்கோசு என ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அருகில் தோட்டக்காரரின் இல்லம். அதற்கடுத்த கல்லறைத் தோட்டத்தில் துறவியரின் புதைகுழிகளுக்கிடையே பழமரங்கள். இறந்தோர் நடுவே கனிமரம் நட எண்ணியவர்களின் உயிர்ப்பு நம்பிக்கை எத்தகையது! எனினும் அந்த வரைபடத்தில் கண்டவாறு மடம் கட்டப்படவே இல்லை.

பட்டாணித் தோட்டத்துக் குரு

இனி 19ஆம் நூற்றாண்டிற்கு வருவோம். 1822இல் உழவர் குடியில் பிறந்த மெண்டல், 1843இல் புருனோ நகரின் புனித அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்து கிரகோர் என்னும் பெயர் பெற்றார், 1847இல் குருவானார். நோயாளரின் துன்பத்தைக் காணும்போதெல்லாம் அவர் தாமே நோயுறும் இயல்பினர். ஆதலால் மடத்தலைவர் நாப் அவரைப் பங்குப் பணியினின்று விடுவித்து ஆசிரியப் பணிக்கு அனுப்பினார். ஆசிரியர் தகுதித் தேர்விலோ 1850இல் தோற்றார், 1856இலும் தேறவில்லை.

அந்த 1856இல்தான் அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். நிலத்தின் நீளம் ஏறத்தாழ 35 மீட்டர், அகலம் 7 மீட்டர். கொடிகளுக்குக் குச்சியும் கயிறும் கட்டினார். மொட்டு முதிருமுன் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கி, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது முதல் தலைமுறையில் சுருக்கம் முற்றிலும் மறைந்தது. அடுத்த தலைமுறையில் மீண்டும் தோன்றியது. உருண்டை 5474, சுருக்கம் 1850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்தது அழிந்துவிடவில்லை என்பதை எண்ணிக் காட்டினார்.

1865இல் புருனோ நகரின் இயற்கை ஆய்வுக் கழகத்தில் இரு கூட்டங்களில் இதை வாசித்தார்; 1866இல் கட்டுரை அச்சேறியது. அதன் பொருளை உணர்ந்து தொடர்ந்தவர் எவரும் இலர். பட்டாணி வண்டும் அவருக்குத் தொல்லையாயிற்று. பின்னர் அவர் எடுத்துக்கொண்ட ஹாக்வீடு என்னும் காட்டுச் செடியின் பூக்கள் மிகச் சிறியவை; அவற்றோடு போராடிக் கண்கள் தளர்ந்தன. முடிவுகளும் பட்டாணியின் கணக்கிற்கு ஒத்து வரவில்லை. அச்செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை தருவது என்பது அவர் காலத்தில் தெரியாது, தவறு அவருடையதன்று. 1868இல் மடத்தலைவரானார். பின்னர் மடத்தின் மீது விதிக்கப்பட்ட வரியை எதிர்த்த வழக்கிலேயே இறுதி ஆண்டுகள் கழிந்தன. 1884 சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, இறந்தார். 1900இல் தெ வரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் அவருடைய கண்டுபிடிப்பை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். கட்டுரை அச்சேறி 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

நாம் நட்ட முருங்கை

பங்குக் குருக்களாகிய நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறோம். புடலைப் பிஞ்சு நேராய் வளரக் கல் கட்டித் தொங்கவிட்ட வாரத்திலேயே மாற்றல் கடிதம் வந்ததும் உண்டு. நாம் நட்ட முருங்கையின் காயை நாம் உண்டதில்லை. ஆனால் புதிய பங்கில் நம்மை வரவேற்ற சாம்பாரில் முன்னவர் நட்ட முருங்கையின் காய் கிடந்தது. அவருக்கு நன்றி சொல்ல அன்று நமக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மறைக்கல்வி வகுப்பில் கவனியாதிருந்த சிறுவன், பிரிந்தே வாழும் தம்பதியர், பத்து முறை அறிவுரை கேட்டும் குடியை விடாத தந்தை ஆகியோரை எண்ணி, நம் உழைப்பு வீண் என்று எத்தனையோ இரவுகளில் சோர்ந்திருக்கிறோம். ஒரு தலைமுறையில் மறைந்தது மறு தலைமுறையில் வெளிப்படும் என்று எண்ணிக் காட்டிய குரு, தம் உழைப்பின் வெளிப்பாட்டைக் காணாமலே கண்மூடினார். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று ஆண்டவர் சமாரியக் கிணற்றருகே சீடருக்கு உணர்த்தியதும் இதுவே அன்றோ?

லூக்கா நற்செய்தியில் கனி தராத அத்திமரத்திற்காகத் தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்கிறார். கொத்தி எருப்போடத் தாமே முன்வருகிறார். மறு ஆண்டு அது காய்த்ததா என்று நமக்குச் சொல்லப்படவில்லை. கொத்தி எருப்போடுவது நம் கடமை. அடுத்த மாற்றலுக்கு முன்பாக ஒரு முருங்கைக் கிளையை நட்டுவிட்டுச் செல்வோம். வரப்போகும் சகோதரருக்குச் சாம்பாருக்கு உதவும்.