பழைய கணினியில் கேர்னல் தொகுக்க எவ்வளவு நேரம்?

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பாவித்த கணினியில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு 2025 ஓகஸ்டில் ஒரு சிக்கல் வந்தது. அப்போது வெளியான டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு ஆயத்த கேர்னலைத் தருவதில்லை. டெபியன் 12 உடன் நிற்க விரும்பாதவர் அதைத் தாமே தொகுக்க வேண்டும்.

கேர்னல் என்பது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி. அதன் மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதே தொகுத்தல். 1994இல் லினக்ஸ் 1.0 ஏறத்தாழ 176,000 வரிகள். இன்று மூன்று கோடிக்கும் மேல். பெரும்பங்கு, நம் மேசையில் இல்லவே இல்லாத சாதனங்களுக்கான இயக்கிகள். டெபியனின் அமைப்பை அப்படியே எடுத்தால் பென்டியம் 4 ஒன்று இராமுழுக்க ஓடினாலும் முடியாமல் போகலாம். புதிய பல்கருக் கணினிக்குச் சில நிமிடங்களே போதும்.

ஆகவே முதலில் அமைப்பைச் சுருக்குங்கள். 'லோக்கல்மொட்கொன்ஃபிக்' என்ற தெரிவு அந்நேரம் இயங்கும் இயக்கிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். பிரின்டர், டொங்கிள் எல்லாவற்றையும் முன்கூட்டியே செருகிவிடுங்கள். பிழைதிருத்தத் தகவலையும் நிறுத்துங்கள். நினைவகம் 512 எம்பிதான் என்றால் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிடாதீர்கள். வன்தட்டு அரைக்கத் தொடங்கினால் நேரம் நீளும்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படி இடையில் மின்சாரம் போனாலும் உழைப்பு வீணாகாது. 'மேக்' கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குமுன், அளவு பூச்சியமாகக் கிடக்கும் கோப்புகளை அழித்துவிடுங்கள். முடிந்தவை என்று மேக் அவற்றை நம்பிவிடும்.

என்னைக் கேட்டால், நண்பரின் புதிய கணினியில் 32 பிட்டுக்குத் தொகுத்துப் பென்டிரைவில் கொண்டுவருவதே சுகம்.